எரிபொருள் விலையும் மக்கள் எழுச்சியும்: கந்தளாயிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1

திருகோணமலை நகரிலிருந்து தென்மேற்காகச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கந்தளாய் அமைந்துள்ளது. குளத்தாலும் வயலாலும் பெயர்பெற்ற ஊர் இது. சிங்கள மரபு இக்குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னனோடும், தமிழ் மரபு குளக்கோட்டனோடும் இணைத்துப் பேசும். 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டமை அண்மைக் கால நினைவு. 1990களில் மூடப்பட்ட சீனித் தொழிற்சாலை இன்னொரு நினைவு.

எரிபொருள் விலை பற்றிய ஆய்வொன்றிற்கு இத்தகையதோர் ஊரை நிலைக்களனாகக் கொள்வது முதல் நோக்கில் வியப்பளிக்கலாம். ஆயின் இரு காரணங்களால் இத்தெரிவு பொருத்தமுடையது என்பது எமது கருத்து. முதலாவதாக, நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்த் தாங்கித் தொகுதி இதே மாவட்டத்தில் சீனக்குடாவில் உள்ளது. அங்கிருந்து தம்புள்ளை, குருநாகல் நோக்கிச் செல்லும் பவுசர்களின் பிரதான வழி கந்தளாயூடாகவே அமைகின்றது. இரண்டாவதாக, உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் இன்றி இங்கு இன்று நெற்செய்கை இல்லை. ஆதலின் டீசலின் விலை நெல்லின் விலைக்குள் ஒளிந்திருக்கின்றது. எண்ணெய் கடந்து செல்லும் வழியிலேயே எண்ணெய்க்காக மக்கள் வரிசையில் நின்ற முரண்பாட்டை இங்கிருந்து நோக்குவது தெளிவைத் தரும்.

இலங்கையில் 1953 தொடக்கம் 2022 வரை நிகழ்ந்த விலை எதிர்ப்புப் போராட்டங்கள் சிலவற்றை ஒப்புநோக்கி, அவை எவற்றைப் பெற்றன, எவற்றைப் பெறத் தவறின என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1971 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பதினெட்டாம் நூற்றாண்டின் தானியக் கலகங்களை வெறும் பசியின் கொந்தளிப்பாகக் கொள்வதை மறுத்தார். நியாய விலை எது என்பது பற்றிச் சாதாரண மக்களிடம் உறுதியான அறக் கருத்து ஒன்று இருந்ததென்றும், அது மீறப்பட்ட வேளையிலேயே அவர்கள் கிளர்ந்தனர் என்றும் அவர் காட்டினார். இக்கருத்து எமது நாட்டிற்கும் பொருந்தும். ஆனால் நியாய உணர்வு கிளர்ச்சியைத் தோற்றுவிக்கும் என்பதோடு ஆய்வு நின்றுவிட முடியாது. கிளர்ச்சியின் பின்னர் விலைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

2

இலங்கையில் விலைப் போராட்டத்தின் மூலமாதிரி 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் ஆகும். அதன் பொருள் அரிசி. கொரிய யுத்தகால இறப்பர்ச் செழிப்பு ஓய்ந்து, உலகச் சந்தையில் அரிசி விலை உயர்ந்திருந்த நிலையில், டட்லி சேனநாயக்கவின் அரசில் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலை மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் கூட்டப்பட்டன. இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒருநாள் ஹர்த்தாலுக்கு அறைகூவின. தமிழரசுக் கட்சியும் ஆதரவு நல்கியது. தென்மேற்குக் கரையோரத்தில் புகையிரதப் பாதைகள் பெயர்க்கப்பட்டன, வீதிகள் மறிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாண்ட்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையும் பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டது.

இவ்வெற்றியின் உள்ளடக்கத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கோரிக்கை திட்டவட்டமானது. அறைகூவியோர் ஒழுங்கமைந்த கட்சிகளும் சங்கங்களும் ஆவர். எனவே விலையில் ஒரு பகுதி மீண்டது. ஒரு பிரதமர் வீழ்ந்தார். ஆனால் அரசாங்கக் கட்சியே ஆட்சியில் தொடர்ந்தது. அக்கட்சியைத் தேர்தலில் வீழ்த்தக் காத்திருந்த அலை 1956 இல் தனிச்சிங்களச் சட்டமாக வடிவெடுத்தது. ஹர்த்தாலுக்கு முன்னின்ற தலைவர்களுள் ஒருவரான பிலிப் குணவர்தன அவ்வாண்டில் பண்டாரநாயக்கவின் கூட்டணியில் அமைச்சரானார். மூன்றாண்டுகளுக்கு முன் அரிசிக்காக ஒரே நாளில் கதவடைத்த சிங்கள, தமிழ் மக்கள் மொழியின் பெயரால் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். வயிற்றின் பெயரால் ஏற்பட்ட ஒற்றுமை, உரிமையின் பெயரால் ஓர் உடன்பாடாக வளர்த்தெடுக்கப்படவில்லை. இக்குறை எமது விசாரணையின் இறுதிவரை எம்மைத் தொடரும்.

3

எரிபொருளைப் பொறுத்தவரை, விலை பற்றிய கேள்வி உடைமை பற்றிய கேள்வியாக மாறிய காலம் 1961 முதல் 1964 வரையாகும். ஷெல், எஸோ, கல்டெக்ஸ் ஆகிய அந்நியக் கம்பனிகள் அதுவரை நாட்டின் எண்ணெய் விநியோகத்தைத் தம் கையில் வைத்திருந்தன. 1961 இன் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, 1962 இல் அக்கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. நட்டஈடு பற்றிய தகராற்றைக் காரணங்காட்டி ஐக்கிய அமெரிக்கா 1963 பெப்ரவரியில் இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1964 இலிருந்து உள்நாட்டு விநியோகம் முற்றாகக் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயிற்று. 1969 இல் சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

சீனக்குடாத் தாங்கிகளின் வரலாறு வேறு வழியிற் சென்றது. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கெனக் கட்டப்பட்ட இத்தொகுதி, 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலுக்கு இலக்கானது. எஞ்சிய 99 தாங்கிகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளளவுடையது. 1987 இன் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இவற்றின் புனரமைப்பு இடம்பெற்றது. 2003 இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் உட்புகுந்தது. 2022 சனவரியில் புதிய உடன்பாடொன்று கைச்சாத்தாகியது. அதன்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 தாங்கிகள் கூட்டுத்தாபனத்திற்கும், 61 தாங்கிகள் இருதரப்பும் பங்குகொள்ளும் கூட்டுக் கம்பனிக்கும் ஒதுக்கப்பட்டன. அக்கம்பனியிற் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம். உடன்பாடு கைச்சாத்தாகி மூன்று மாதங்கள் முடிவதற்குள் நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டன.

"இத்தனை தாங்கிகள் இருந்தும் எண்ணெய் இல்லையா?" என்ற வினா இவ்விடத்து எழுவது இயல்பு. உணர்ச்சியளவில் இது நியாயமான வினாவேயாயினும், பகுப்பாய்வு அளவில் போதுமானதன்று. தாங்கி என்பது களஞ்சியம். எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். செலாவணி கையிருப்பில் இருந்த காலத்தில் இக்களஞ்சியம் முழுமையாகப் பயன்பட்டிருப்பின் விலை குறைந்த வேளையில் வாங்கிச் சேமித்திருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் 2022 இன் தட்டுப்பாடு கடன்சுமையாலும் செலாவணி வறட்சியாலும் விளைந்தது. போராட்டக்காரர் தம் சுலோகத்தை இவ்வேறுபாட்டோடு பொருத்திக் கொள்ளாவிடில், அரசு அளிக்கும் மறுமொழியின் முன் அவர்கள் நிலைகுலைவர்.

4

2012 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரே இரவில் பெற்றோலை லீற்றருக்கு 137 ரூபாவிலிருந்து 149 ஆகவும், டீசலை 84 இலிருந்து 115 ஆகவும், மண்ணெண்ணெயை 71 இலிருந்து 106 ஆகவும் உயர்த்தியது. மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து உண்மை புலப்படும். கார் உடையோரின் எரிபொருள் ஏறத்தாழ 9 சதவீதத்தால் ஏறியது. மீனவரதும் மின்னிணைப்பற்ற குடிசையினதும் எரிபொருள் ஏறத்தாழ 49 சதவீதத்தால் ஏறியது. "எரிபொருள் விலை உயர்ந்தது" என்ற ஒற்றை வாக்கியம் இவ்வர்க்க வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது. சிலாபத்திலும் நீர்கொழும்பிலும் கடற்றொழிலாளர் வீதிக்கு வந்தனர். சிலாபத்திற் பெப்ரவரி 15 ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் கொல்லப்பட்டார். விலை திரும்பவில்லை, மீனவருக்கு மானியம் மட்டும் அறிவிக்கப்பட்டது.

2018 மே மாதம் விலைச் சூத்திரம் ஒன்று நடைமுறைக்கு வந்தபோது மண்ணெண்ணெய் 44 ரூபாவிலிருந்து 101 ஆகியது. மீண்டும் கடற்றொழிலாளரே முன்னின்று எதிர்த்தனர். யூன் மாதத்தில் அது 70 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. பெற்றோல் விலை அவ்வாறு இறங்கவில்லை. நாட்டை உலுக்கிய பேரெழுச்சி எதுவும் அப்போது நிகழவில்லை. ஆனால் ஒரு தொழிலைச் சார்ந்தோர், ஒரு குறித்த எரிபொருள் குறித்து, ஒரு குறித்த கோரிக்கையை, தம் சங்கங்களின் வழியே முன்வைத்தனர். சிறிய வெற்றியாயினும் அதன் பொறிமுறை எமது கவனத்திற்குரியது.

5

2022 இன் நிகழ்வுகள் நன்கறியப்பட்டவை. ஆதலின் எமது வாதத்திற்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக் கொள்வோம். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயப் பெறுமதி மே நடுப்பகுதியில் 360 வரை வீழ்ந்தது. உக்ரேன் யுத்தத்தால் உலகச் சந்தை விலையும் ஏறியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் மார்ச் 12 இல் 254, ஏப்ரல் 19 இல் 338, மே 24 இல் 420, யூன் 26 இல் 470 என உயர்ந்தது. வரிசைகளிற் காத்துநின்ற முதியோர் சிலர் மார்ச் மாதத்திலேயே உயிரிழந்தனர். ஏப்ரல் 19 இல் றம்புக்கனையிற் பொலிசார் சுட்டதில் ஒருவர் மாண்டார். யூன் 18 இல் முல்லைத்தீவு விசுவமடுவில் எரிபொருள் வரிசையருகே படையினர் சுட்டதிற் பொதுமக்கள் காயமுற்றனர்.

ஏப்ரல் 9 இல் காலிமுகத்திடலில் முகாமிட்ட எழுச்சி, ஏப்ரல் 28 வேலைநிறுத்தத்தாலும் மே 6 ஹர்த்தாலாலும் தொழிலாளரின் வலுவைப் பெற்றது. மே 9 வன்முறையை அடுத்துப் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி துறந்து, திருகோணமலைக் கடற்படைத் தளத்திற் புகலடைந்தார். தளத்தின் முன்னும் மக்கள் கூடினர். 1953 இல் ஒரு பிரித்தானியக் கப்பல் அமைச்சரவைக்கு அடைக்கலம் தந்தது. 2022 இல் பிரித்தானியர் 1957 இற் கையளித்துச் சென்ற தளமே அப்பணியை ஆற்றியது. யூலை 9 இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. யூலை 14 இல் கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். யூலை 20 இல் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தால் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். 22 அதிகாலையில் முகாம் படையினரால் அகற்றப்பட்டது.

இதற்கு ஒரு மாதத்தின் பின், ஆகஸ்ட் 22 இல், மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. செலவை ஈடுசெய்யும் விலை என்பது அரசின் விளக்கம். 87 ரூபா விலையில் மாதக்கணக்காக மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வெண்களை வரலாற்று மாணவன் கடந்து செல்ல முடியாது. 2018 இல் 57 ரூபா உயர்வை எதிர்த்து ஒரு தொழிற்பகுதியினர் பெருமளவு வென்றனர். 2022 இல் ஒரு ஜனாதிபதியையே அகற்றிய இயக்கத்தின் பின்னர் 253 ரூபா உயர்வு நின்று நிலைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறிய சட்டத்திருத்தம் எரிபொருள் இறக்குமதியையும் விற்பனையையும் அந்நியக் கம்பனிகளுக்கு விரிவாகத் திறந்துவிட்டது. 1960களின் தேசியமயக் கொள்கையின் தலைகீழ் மாற்றமான இதனை எதிர்க்க வீதியில் எவ்வியக்கமும் எஞ்சியிருக்கவில்லை.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? எழுச்சியின் கோரிக்கை ஆளின் பெயரில் ஒடுங்கியிருந்தது என்பது எமது முடிபு. ஆள் போன பின் கோரிக்கையும் நிறைவேறியதாயிற்று. மண்ணெண்ணெய், உரம், நாணயமாற்று, கடன் ஆகியவை பற்றிய கோரிக்கைகளைச் சுமந்து செல்ல நிலையான அமைப்பு காலிமுகத்திடலில் உருவாகவில்லை. கந்தளாய் போன்ற ஊர்களில் விவசாயிகள் 2021 இன் இரசாயன உரத் தடையால் ஏற்கெனவே விளைச்சல் இழந்திருந்தனர். 2022 சிறுபோகத்திற்கு டீசல் தேடி அலைந்தனர். அவர்களின் விவசாயச் சங்கங்களுக்கும் தலைநகர் முகாமுக்கும் இடையே உறுதியான பாலம் அமைக்கப்படவில்லை.

6

கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் நோக்குமிடத்து இன்னொரு வினா எழுகின்றது. தமிழ் மக்கள் இவ்வெழுச்சியில் ஏன் தயங்கி நின்றனர்? இதற்கு அலட்சியம் விடையாகாது. 1990 முதல் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எரிபொருளையும் உள்ளடக்கியது. மோட்டார்ச் சைக்கிளைச் சிறிது பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயால் ஓட்டியதும், போத்தல் விளக்கில் எண்ணெயைத் துளித்துளியாய் அளந்து பிள்ளைகள் படித்ததும் ஒரு தலைமுறையின் அனுபவம். அவ்வேளையில் தென்னிலங்கையிற் பெருந்திரளாக எவரும் வீதிக்கு வரவில்லை. 2017 முதல் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வடக்குக் கிழக்கில் தொடர்ந்து வீதியோரம் அமர்ந்திருந்ததையும் தலைநகர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனவே 2022 இல் எழுந்த அழைப்பை ஐயத்தோடு கேட்டமை வரலாற்றின் விளைவேயாகும்.

எனினும் மாற்றத்தின் கீற்றும் தென்பட்டது. 2022 மே 18 இல் காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்கால் நினைவுகூரல் நடைபெற்றது. சில ஆண்டுகளுக்கு முன் கற்பனை செய்யவும் இயலாதது அது. 1953 ஐப் போலவே இங்கும் பொதுத் துன்பம் ஒரு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலினூடே நிலவுரிமை, மொழியுரிமை, இராணுவமயம் ஆகியன பற்றிய உடன்பாடு எதுவும் உட்புகவில்லை. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும், குடியேற்றத் திட்டங்களின் அரசியலைத் தன் நிலத்திலேயே சுமக்கும் கந்தளாய்-தம்பலகாமப் பிரதேசத்தில் இவ்வுடன்பாடின்றி நீடித்த கூட்டுப் போராட்டம் சாத்தியமன்று.

7

பிற நாடுகளின் அனுபவமும் இவ்வழியே செல்கின்றது. நைஜீரியாவில் 2012 சனவரி முதலாம் நாள் மானியம் நீக்கப்பட்டுப் பெற்றோல் 65 நைராவிலிருந்து 140 நைராவைக் கடந்தது. தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம் ஒரே வாரத்தில் அதனை 97 நைராவாகக் குறைத்தது. ஆனால் 2023 மே மாதத்தில் மானியம் முற்றாக நீக்கப்பட்டபோது அவ்வெற்றி கரைந்தது. ஈக்குவடோரில் 2019 ஒக்டோபரில் பழங்குடி மக்கள் அமைப்புகள் விலையுயர்வு ஆணையைத் திரும்பப் பெறச் செய்தன. அடுத்த ஆண்டே, பெருந்தொற்றின் நடுவே, விலை உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது. ஒரு நாளில் வென்ற விலையைப் பல ஆண்டுகள் காத்து நிற்க அமைப்பு வேண்டும் என்பதே இவற்றின் பொதுப்படிப்பினை.

இன்றைய செயற்பாட்டாளருக்கு நாம் முன்வைக்கக் கூடியவை நான்கு. முதலாவது, "எரிபொருள்" எனப் பொதுவாகப் பேசாது, எந்த எரிபொருள், யாருடைய எரிபொருள் எனப் பிரித்துப் பேசுதல். இரண்டாவது, விலையின் கூறுகளாகிய இறக்குமதிச் செலவு, நாணயமாற்று, வரி, கூட்டுத்தாபனத்தின் கடன் ஆகியவற்றைப் பகிரங்கப்படுத்துமாறு கோருதல். சூத்திரம் இரகசியமாக இருக்கும்வரை அதனை எதிர்ப்போர் இருளிலேயே நிற்பர். மூன்றாவது, கடற்றொழிலாளர் சங்கம், விவசாயச் சங்கம், முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கம் ஆகியவற்றை முகாமின் விருந்தினராகக் கருதாது அதன் உறுப்பாக்குதல். நான்காவது, பொருளாதாரக் கோரிக்கையை இன உரிமைக் கோரிக்கையிலிருந்து பிரித்துப் பிற்போடாதிருத்தல். "முதலில் இது, பிறகு அது" என்ற வாக்குறுதியின் கதி 1956 இல் தெரிந்துவிட்டது.

ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. 2022 இன் தலைநகர் நிகழ்வுகள் படங்களாகவும் நூல்களாகவும் பதிவாகியுள்ளன. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களில் வரிசைகள் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டன, பெயர்ப்பட்டியலை யார் வைத்திருந்தார், அறுவடைக்கான டீசல் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பன வாய்மொழியாகவே எஞ்சியுள்ளன. பல இனத்தவர் ஒரே வரிசையில் நின்று தமக்குள் விதிகளை வகுத்துக்கொண்ட அந்நாட்களின் குறிப்பேடுகளையும் நினைவுகளையும் திரட்டுவது அவசரப் பணியாகும். மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகிய கதையை அம்மக்களின் சொற்களில் எழுதும் நாளிலேயே இவ்வரலாறு முழுமை பெறும்.